எதிர்முனையில் ஆள் இல்லாத போன்

என் அப்பா ஒருமுறை எதிர்முனையில் ஆளே இல்லாத போனில் பேசினார். ஆள் இல்லை என்று நான் எடுத்துச் சொன்ன பிறகும் பேசினார். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அப்பா வழியில் ஐந்தாம் வகுப்பைத் தொட்ட முதல் ஆள் என்பதால், உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பில் இருந்த காலம். அப்பாவை நினைத்து வெட்கமாக இருந்தது.

நடந்தது போபாலில். அம்மாவின் தம்பிக்கு ரயில்வேயில் வேலை. ஜோலார்பேட்டையிலிருந்து அவரை அங்கே மாற்றியிருந்தார்கள். காலாண்டு விடுமுறைக்குப் போயே தீர வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். அந்த வருடம் பக்ரீத் முடிந்த கையோடு விடுமுறை வந்தது. பக்ரீத் முடிந்த வாரத்தில் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்கிற எவனும் லீவு கேட்க மாட்டான். லாரி லாரியாக உப்புப் போட்ட தோல் வந்து இறங்கும். ஊரே ஈரமாக இருக்கும். அப்பா லீவு கேட்டார் என்பதையே என்னால் நம்ப முடியவில்லை. மேஸ்திரியாலும் நம்ப முடியவில்லை போலிருக்கிறது. காட்பாடியில் ரயில் ஏறியதிலிருந்து அப்பாவின் சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே வந்தது.

“திங்கக்கெழம தொட்டி தொறக்கணும்பா. நீ இல்லாம எவன் எறங்குவான்?” மேஸ்திரி பேசினால் பக்கத்து சீட்டுக்காரருக்கும் கேட்கும்.

அப்பா “வர்றேன் மேஸ்திரி” என்பார். அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

தொட்டி என்பது டேனரியின் கழிவுநீர் போய்ச் சேரும் இடம். தரைக்குக் கீழே கிணறு மாதிரி இருக்கும். அடியில் சகதி கட்டிக்கொண்டால் ஆள் இறங்கி அள்ள வேண்டும். மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் ஆளைத் தள்ளும். எல்லாரும் தள்ளி நின்று பீடி பிடிப்பார்கள். பிறகு மேஸ்திரி போய்க் குனிந்து மோந்து பார்ப்பார். “நாத்தம் செத்துடுச்சு, எறங்கு” என்பார். ஒருவன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குவான். மேலே ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். மேலே இருப்பவன் ரெண்டு இழுப்பு இழுத்தால், கீழே இருப்பவன் ரெண்டு இழுப்பு இழுக்க வேண்டும். நல்லா இருக்கேன் என்று அர்த்தம்.

அந்த நாற்றத்துக்குக் காரணமான வாயு ஓர் அளவுக்கு மேல் போனால் முதலில் மூக்கின் உணர்வைத்தான் கொல்லும் என்று வெகுகாலம் கழித்து வேலூரில் கல்லூரி ஆய்வகத்தில் படித்தேன். நாற்றம் சாகவில்லை. மோந்து பார்த்தவனின் மூக்குதான் செத்திருந்தது. எங்கள் பக்கம் அப்போது யாருக்கும் இது தெரியாது.

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கயிறு மட்டும்தான். தெருவில் நானும் என் தோஸ்துகளும் விளையாடியதே அதுதான். ஒருவன் தண்ணீர் இல்லாத சிமென்ட் தொட்டிக்குள் உட்கார்ந்துகொள்வான். வெளியே இருப்பவன் இழுப்பான். உள்ளே இருப்பவன் பதில் இழுக்காமல் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தால் அவன் செத்தவன். ஆட்டத்திலேயே சிரிப்பான இடம் அதுதான்.

அதற்கு முந்தைய வருடம் என் சித்தப்பா இறந்துபோயிருந்தார். என்னை ஒற்றைக் கையால் தூக்கித் தோளில் போடுகிற ஆள். டேனரியில் மார்வலி வந்து போய்விட்டார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அதன்பிறகு அப்பா கொடிக்கயிற்றில் துணி காயப்போடுவதைக்கூட விட்டுவிட்டார். ஈரச் சட்டையைக் கதவின் மேல் போடுவார்.

போபால் போன மறுநாள் மாமா எங்களை ஏரி பார்க்கக் கூட்டிப் போவதாகச் சொன்னார். அம்மா தலைவலி என்று வரவில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறினோம். ஏரி வரவில்லை. ஒரு சந்துக்குள் சாதாரண வீட்டின் முன்னால் இறங்கினோம்.

“இன்னா மச்சான் இது, ஏரிய ஊட்டுக்குள்ள கட்டி வெச்சிருக்காங்களா?” என்றார் அப்பா.

“ஒருவாட்டி பாத்துட்டு போலாம் மாமா. கம்மி நேரம்தான்” என்று மாமா செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் பிறப்பதற்கு ரொம்ப காலம் முன்னால் இந்த ஊரில் ஒரு ராத்திரி ஃபேக்டரியிலிருந்து விஷவாயு கசிந்து, தூங்கியவர்களும் ஓடியவர்களும் கொத்துக்கொத்தாக இறந்ததையும், அவர்கள் நினைவாக இந்த வீட்டை வைத்திருப்பதையும் சொன்னார். இது அம்மாவும் மாமாவும் சேர்ந்து செய்த ஏற்பாடு என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்பாவுக்கு அங்கேயே தெரிந்திருக்கும்.

உள்ளே எங்களைத் தவிர யாரும் இல்லை. ஆனால் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். மெல்லிய, மூச்சு வாங்குகிற குரல். அடுத்த அறையிலிருந்து வருகிறதோ என்று எட்டிப் பார்த்தேன். அங்கும் ஆள் இல்லை. சுவரில் ஒரு கைக்குழந்தையின் ஸ்வெட்டர், ஒற்றைச் செருப்பு, மூடி இல்லாத டிபன் டப்பா. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கறுப்பு போன். முன்னால் வந்து போனவர் யாரோ ஒரு ரிசீவரைச் சரியாக வைக்காமல் விட்டிருந்தார். அது வயரின் நுனியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, மெதுவாகச் சுற்றிக்கொண்டே, வெற்று அறைக்குப் பேசிக்கொண்டிருந்தது.

அப்பா அதை எடுத்துக் காதில் வைத்தார்.

“யாருடா லைன்ல?”

“யாரும் இல்லப்பா. முன்னாடியே பேசி வெச்சிருக்காங்க. எடுத்தா அதுவா பேசும்.”

“ஒரு பொம்பள அழுவுது. யாரும் இல்லன்ற?”

பேச்சு இந்தி. உருது தெரிந்தால் புரியும். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் உருதுதான். தோஸ்தின் அம்மா அவனைத் திட்டுவதைக் கேட்டுக் கேட்டே எனக்கு அந்தப் பாஷை வந்துவிட்டது. பெருமையோடு ரிசீவரை வாங்கிக் கேட்டுக் கேட்டு மொழிபெயர்த்தேன்.

“ராத்திரி தூங்கினு இருந்தாங்களாம். மொளகா வறுத்த நெடி வந்துச்சாம். பக்கத்து ஊட்ல எவளோ மொளகா வறுக்கறான்னு திட்டினாங்களாம்.”

“மொளகாவா?” அப்பா யோசித்தார். “நமக்கு முட்ட நாத்தம். அப்பறம் நெடி கம்மியாச்சான்னு கேளு.”

“கேக்க முடியாதுப்பா. அது பேசறத மட்டும்தான் பேசும்.”

“இன்கமிங் மட்டும்தான் மாமா, அவுட்கோயிங் கெடையாது” என்று மாமா சிரிக்கப் பார்த்தார். அப்பா சிரிக்கவில்லை.

நான் மேலே கேட்டேன். அந்தப் பெண்ணின் குரல் இப்போது அழவில்லை. கடைக்குப் போய் வந்ததைச் சொல்வதுபோல் சொன்னது.

“எல்லாரும் ஓடினாங்களாம். இவங்க தங்கச்சி கையப் புட்ச்சினு ஓடினாங்களாம். கண்ணு தெரியலயாம். கைய மட்டும் உடவே இல்லயாம். வெளிச்சத்துல வந்து பாத்தா, கைல இருந்தது வேற யாரோ கையாம்.”

மாமா வாசலுக்குப் போய்விட்டார். அப்பா என்னிடமிருந்து ரிசீவரை வாங்கினார். குரல் முடிந்து, கரகரவென்ற ஓசை மட்டும் வந்துகொண்டிருந்தது எனக்கும் கேட்டது. அப்பா அதைக் காதோடு அழுத்திக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார்.

“கயிறு என் கைலதாம்மா இருந்துச்சு. நான் உடல. ரெண்டு வாட்டி இழுத்தேன். அவன் இழுக்கல. சின்ன வயசுலேர்ந்தே வெளயாட்டுப் புள்ளம்மா அவன். வேணும்னே சும்மா கீறான்னு நெனச்சிக்கினேன். மேஸ்திரி கூட, வெளயாட்றான்டா உன் தம்பின்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேம்மா.”

“அப்பா, அங்க யாரும் இல்லப்பா” என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். யாராவது பார்த்தால் எங்களைப் பட்டிக்காடு என்று நினைப்பார்களே என்ற கவலையில், அப்பா சொன்னது எதுவும் எனக்கு மண்டையில் ஏறவில்லை.

அந்த நேரம் அப்பாவின் சட்டைப் பையில் போன் அடித்தது. ஒரு காதில் அந்த ரிசீவர், நெஞ்சில் அதிர்கிற செல்போன், இரண்டுக்கும் நடுவில் அப்பா அசையாமல் நின்றார். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அப்பா ரிசீவரைத் தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல் அதன் இடத்தில் வைத்தார். கரகர ஓசையும் நின்றது.

வெளியே வந்து சந்தில் நின்று பேசினார்.

“நான் எறங்க மாட்டேன் மேஸ்திரி.”

எதிர்முனையில் இந்த முறை ஆள் இருந்தார். கத்தினார்.

“வேற ஆளா? வேற ஆளையும் எறக்காத. நாத்தம் சாவுதுன்னு சொல்லாத மேஸ்திரி. நம்மளுக்கு ஒண்ணும் தெரியாது. எறக்காத.”

அதோடு எங்களுக்கு டேனரி முடிந்தது. பிறகு வேலூருக்குக் குடிவந்து, அப்பா லாங் பஜாரில் கைவண்டி இழுத்தார். என் தோஸ்துகள் எல்லாம் ஆம்பூரிலேயே தங்கிவிட்டார்கள். எதற்காக இந்தப் பேஜார் என்று நான் அம்மாவிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

போபாலிலிருந்து திரும்பி வந்த அந்த ரயிலில் எனக்கு மேல் பெர்த். அப்பா கீழே. பகல் வெளிச்சம் பெட்டியெல்லாம் பரவிக் கிடந்தது. நான் ஒரு கையைக் கீழே தொங்கவிட்டுப் படுத்திருந்தேன். அப்பா எழுந்து அந்தக் கையைப் பிடித்து ரெண்டு இழுப்பு இழுத்தார். எனக்கு ஒரே சந்தோஷம். எங்கள் தெரு விளையாட்டு அப்பாவுக்கும் தெரிந்திருக்கிறதே! நானும் ரெண்டு இழுப்பு இழுத்தேன். அப்பா உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இழுத்தார். நானும் இழுத்தேன். இப்படியே ஊர்கள் போய்க்கொண்டிருந்தன.

பிறகு ஒருமுறை, ஆட்டத்தின் சிரிப்பான இடத்துக்குப் போகலாம் என்று தோன்றியது. அப்பா இழுத்தார். நான் கண்ணை மூடி, மூச்சை அடக்கி, கையைத் துணிபோல் தொங்கவிட்டேன். அப்பா மறுபடி இழுத்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கிடந்தேன்.

அடுத்த நொடி அப்பா பெர்த்தின் மேல் ஏறியிருந்தார். சித்தப்பாவின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே என் இரண்டு தோளையும் பிடித்துத் தூக்கினார். பெட்டியே எழுந்து நின்றது. நான் கண்ணைத் திறந்து, “ஏமாந்தியா!” என்று சிரித்தேன்.

விளையாட்டில் தோற்றதற்கு இவ்வளவு பெரிய ஆள், இத்தனை பேர் நடுவில், இப்படியா அழுவார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.