தம்பியின் படத்தில் எனக்கிருந்த ஒரு வரி

சென்ற ஆண்டு ஜூன் பன்னிரண்டாம் தேதி, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். வெளியே தூறல், காற்று இல்லை. அறுபத்தெட்டு வயதும் மூன்று மாதமும் நிறைந்த என் தம்பி, திண்டுக்கல் வீட்டில் இறைவனடி சேர்ந்தார். அவருக்கு ஆறு வயது மூத்தவன் நான். எனக்காக அவர் எழுத வேண்டிய கட்டுரை இது. இதிலும் முந்திக்கொண்டார்.

அய்யலூரில் பிறந்து, ஒன்பது வயதில் அப்பாவை இழந்து, பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்து வளர்ந்தவர். மாலையானால் நாடக ஒத்திகை. அவருடைய சிரிப்பு நாடகத்துக்குக் கதை கிடையாது. தொடர்பில்லாத பன்னிரண்டு காட்சிகள். கடைசிக் காட்சியில், அய்யலூர்ச் சந்தையில் ஓர் ஆடு தன் முதலாளியை விற்கும். ஆடு வேடம் தம்பிக்கு. வியாபாரி ஆட்டுக்குப் பல் பார்ப்பதுபோல, ஆடு முதலாளியின் வாயைப் பிளந்து வயது பார்க்கும். கூட்டம் ஒன்பது விநாடி சிரிக்கும். அது அடங்கியபின் முதலாளி, "கீழ ரெண்டும் கட்டுன பல்லு சாமி. ரசீது இருக்கு!" என்பார்.

நாடகத்தில் நான் எழுதியது அந்த ஒரு வரிதான். மற்றபடி, கணக்கு வாத்தியாரான நான் திரைக்குப் பின்னால் கைக்கடிகாரத்தோடு நின்று, ஒவ்வொரு சிரிப்பும் எத்தனை விநாடி என்று நோட்டில் குறிப்பேன். இருநூற்றுப் பதினான்கு மேடைகள். கைதட்டல் அவருக்கு, நோட்டு எனக்கு.

ஐந்தாண்டுகளுக்கு முன் அந்த நாடகத்தைச் சினிமாவாக எடுக்க வந்தார்கள். தம்பிக்குக் கார் வந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை. பத்தாம் நாள் தம்பி வந்தார்.

"அண்ணே, அந்த நோட்டைக் குடுங்கண்ணே. ஷூட்டிங்ல ஒருத்தரும் சிரிக்கக் கூடாதாம். எம்புட்டு நேரம் விட்டு அடுத்த வசனம் பேசணும்னு அவுகளுக்குத் தெரியல."

"கரையான் அரிச்சிருச்சு."

"அம்புட்டுமா?"

"அட்டை மட்டும் இருக்கு. வேணுமா?"

சிரித்துவிட்டுப் போனார். நோட்டு பீரோவில் பத்திரமாக இருந்தது. பொறாமைதான், வேறு பெயர் இல்லை.

படம் வெளியான அன்று, என் வரியை வெட்டியிருப்பார்கள் என்ற எண்ணத்தோடு போனேன். ஆடு வாயைப் பிளந்தது. அரங்கம் ஒன்பது விநாடி சிரித்தது. படத்தில் அடுத்த வசனத்துக்கு விட்ட இடைவெளியோ மூன்று விநாடி. முதலாளியின் வாய் அசைந்தது. ஒரு சொல்லும் காதில் விழவில்லை. தம்பி என் வரியை விடவில்லை. அதைச் சிரிப்பில் மூழ்கவிட்டது பீரோவில் இருந்த என் நோட்டு.

மறுபடி போனேன். மறுபடியும் சிரிப்பு. மூன்றாம் வாரம் ஒரு பகல் காட்சிக்கு நாங்கள் நான்கே பேர். ஒருவரும் சிரிக்கவில்லை. என் வரி தெளிவாகக் கேட்டது.

நோயில் கிடந்தபோது தம்பி கேட்டார்: "ஒங்க வரிக்காக அவுககிட்டச் சண்டையே போட்டேன். படத்துல கேட்டுச்சாண்ணே?"

"கேட்டுச்சு."

"எத்தன தடவ பாத்தீக?"

"ஒரு தடவதான். அதுக்கு மேல அத யாருப்பா பாப்பா?"

சிரித்தார். இருமலையும் சேர்த்து நான்கு விநாடி.

எழுபது நாள் கண்ணுறங்காமல் பார்த்துக்கொண்ட தம்பி மனைவிக்கும், முறை வைத்து வந்து உடனிருந்த நாடக நண்பர்கள் ஐவருக்கும், இந்த முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் நன்றி. தம்பியிடம் சொன்ன கணக்கை மட்டும் இங்கே திருத்திக்கொள்கிறேன். பதினொரு தடவை. டிக்கெட் நூற்றிருபது. மொத்தம் ஆயிரத்து முந்நூற்றிருபது ரூபாய்.