கோடு வரைக்கும் தண்ணீர்

என் வீட்டுக்காரர் திம்மராயன் படுத்தால் போதும், குறட்டை. ஜூஜுவாடியில் நாங்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் நாலு கதவு தள்ளிக் கேட்கும். கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிறவர். மனுஷன் அசந்து தூங்குகிறார் என்று பல வருஷம் நானும் சந்தோஷப்பட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். குறட்டை சட்டென்று நின்றது. மார்பு அசையவில்லை. எண்ண ஆரம்பித்தேன். இருபதில் உடம்பு தூக்கிவாரிப்போட்டு மூச்சு வாங்கினார். கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

அந்த வருஷமே இரண்டு தடவை நுரையீரலில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டாம் தடவைதான் டாக்டரம்மா தூக்கத்தைப் பற்றி விசாரித்தார். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்கும்போது எச்சிலும், வயிற்றிலிருந்து எதுக்களிப்பதும் மூச்சுக்குழாயில் இறங்கலாம், அப்படியும் நெஞ்சில் கிருமி சேரும் என்றார். மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்க ஒரு மிஷின் எழுதிக்கொடுத்தார். அது காற்றை ஊதித் தொண்டையைத் திறந்தே வைக்கும். காற்று ஈரமாக வர, அளவுக்கோடு போட்ட ஒரு தண்ணீர் டப்பாவும் உண்டு.

மிஷினைக் கொண்டுவந்து மாட்டியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எல்லாம் தெரியும் என்று இவர் அனுப்பிவிட்டார். இருபது வருஷமாக மிஷினோடு நிற்கிறவர் அல்லவா. கம்பெனியில் இரும்பு வெட்டும்போது சூடு தணிக்க ஓடும் கூலண்ட் தண்ணீரை யாரும் தினமும் கொட்டுவதில்லை. எவ்வளவு குறைந்ததோ அவ்வளவை மட்டும் மேலே ஊற்றுவார்கள்.

"கோடு வரைக்கும் ஊத்து மாதேஸ்வரி. டேங்க் காயக்கூடாது, அவ்ளோதான்" என்றார்.

சாமி விளக்குக்கு எண்ணெய் விடுவதுபோல் ஒருநாள் தவறாமல் ஊற்றினேன். குறட்டை நின்றது. முகத்தில் களை வந்தது. முனீஸ்வரனுக்குக் கோழிகூட நேர்ந்துகொண்டேன்.

மூன்றாம் மாசம் மறுபடி காய்ச்சல், மறுபடி சளி, மறுபடி ஆஸ்பத்திரி. டாக்டரம்மா மிஷினைக் கொண்டுவரச் சொல்லி, டப்பாவைக் கழற்றி உள்ளே விரலால் தடவினார். கொழகொழவென்று ஒட்டியது. பழைய தண்ணீரைத் தினமும் கொட்டி, கழுவிக் காயவைத்துத்தான் புதுசு விட வேண்டுமாம். கிருமி இதிலிருந்தும் போயிருக்கலாம் என்றார். யார் தண்ணீர் ஊற்றியது என்று கேட்டார்.

ஆக்சிஜன் மாஸ்க்கோடு படுத்திருந்தவர் கையைத் தூக்கித் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பாவி மனுஷன். அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது எனக்கு.

பத்து நாளில் வீட்டுக்கு வந்தோம். டப்பாவைத் தேய்த்தேன், கழுவினேன், வெயிலில் கவிழ்த்தேன், மறுபடி கழுவினேன். மிஷினை மாட்டாமல் தூங்கவிட்டால் மூச்சு நிற்கும். மாட்டினால் என் கை ஊற்றிய தண்ணீர். இவர் டப்பாவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மாட்டிக்கொண்டு படுத்தார், தூங்கிப்போனார்.

அவர் மார்பில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மேலே ஏறுகிறது, இறங்குகிறது. உள்ளே என்ன போகிறது என்று கை வைத்துப் பார்த்தால் தெரியுமா?