கரும்புக்குள்ளிருந்து ஓர் இருமல்

சங்கராபுரத்துக்கு மேற்கே, மலையடிவாரக் கிராமங்களில் பிச்சைமுத்து வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். இருமல்காரர் வீடு என்றால் உடனே வழி சொல்லிவிடுவார்கள். கரும்பு வெட்டுகிறவர்களுக்கு இருமல் புதிதில்லை. காய்ந்த கரும்புச் சோகையின் தூசி தொண்டையில் இறங்கினால் யாருக்கும் வரும். ஆனால் பிச்சைமுத்து வராத இருமலையும் வரவழைத்து இருமியவர். ஏன் என்று தெரிந்தவர்கள் அவரைக் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டார்கள்.

அது எழுபத்தெட்டாம் வருஷம். அவர் மனைவி குஞ்சம்மாள் பெண் குழந்தை பெற்ற பதினெட்டாம் நாள் ஜன்னி கண்டு போய்ச் சேர்ந்தாள். அவருக்கு அம்மாவும் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. கையகல நிலம் கிடையாது. "கொழந்தைய யார்கிட்டயாவது குட்த்துட்டு இன்னொருத்திய கட்டிக்கோ" என்று சொல்லாத வாயில்லை. மனுஷன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அம்சவள்ளி என்று பேர் வைத்தார். பாலைச் சங்கில் ஊற்றிப் புகட்டினார், மூத்திரத் துணி அலசினார், காலில் போட்டுக் குளிப்பாட்டினார். வெட்டுக்குப் போகும்போது தோளில் போட்டுக்கொண்டு போனார். வரப்பு வேப்பமரத்தில் தூளி கட்டியது கூடத் தன் லுங்கியில்தான். செத்தவள் புடவையில் கட்டக் கூடாது என்று பெண்கள் தடுத்துவிட்டார்கள்.

மேஸ்திரி வேடியப்பன் நல்லவர்தான். ஆனால் பாதி வெட்டில் எழுந்து போனால் கத்துவார். கரும்போ ஆள் உயரத்துக்கு மேலே. உள்ளே நுழைந்தவன் வெளியே இருப்பவர்களுக்குத் தெரியமாட்டான். ஒரு நாள் தூளியில் பிள்ளை வீறிட்டது. போக முடியாமல் பிச்சைமுத்து தவித்துக்கொண்டிருந்தபோது தூசி ஏறி இருமல் வந்தது. சட்டென்று அழுகை நின்றது. அவருக்கே நம்பிக்கை வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி சிணுங்கியபோது வேண்டுமென்றே இருமிப் பார்த்தார். மறுபடியும் நின்றது. முகம் தெரியாவிட்டால் என்ன, அப்பன் பக்கத்தில்தான் இருக்கிறான் என்று அந்த ஐந்து மாசக் குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது.

அன்றிலிருந்து பத்து கரும்பு வெட்டினால் ஒரு இருமல். "காசம்னு பெரியாஸ்பத்திரில படுக்க வெச்சிடப் போறாங்க பாரு" என்று வேடியப்பன் சிரிப்பார். பிச்சைமுத்துவும் சிரிப்பார். அவர் வாழ்க்கையில் நன்றாக இருந்த காலம் பிள்ளையோடு இருந்த அந்த ஒரு வருஷம்தான்.

தூளிக்குக் கீழே ஒரு நாள் கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தது. அடித்துப் போட்டுவிட்டார்கள். ஆனால் பேச்சு சின்னசேலம் வரைக்கும் போய்விட்டது. குஞ்சம்மாளின் அக்கா இருசம்மாள் அங்கேதான் இருந்தாள். அவள் புருஷன் ராசு ரயிலடியில் மூட்டை தூக்குகிறவர். கல்யாணமாகிப் பத்து வருஷம், பிள்ளை இல்லை. தங்கைக்கு வருஷப் படையல் போட வந்தவள் குழந்தையை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

"பொட்டப் புள்ள தம்பி. நாளைக்கி பெரிய மனுஷி ஆனா நீ இன்னா பண்ணுவ? பாம்பு வர்ற எடத்துல எத்தினி நாளிக்கி கட்டித் தொங்கவுடுவ? எங்கிட்ட குடு."

"என்னையே ஒட்டிக்கினு கெடக்குதுக்கா. வேற யார்கிட்டயும் இருக்காது."

"எல்லாம் இருக்கும். பால் மறக்கடிக்க மார்ல வேப்பெண்ண தடவறோம் இல்ல? ரெண்டு நாளு கத்தும், அப்பால மறந்துடும். மொகமும் அப்பிடித்தான். மூணு அமாவாச அது கண்ணுல படாம இரு. அப்பால தாராளமா வந்து போ."

அந்தப் பக்கத்து வழக்கமே அதுதான். பிள்ளையை விட்டுப் போகிறவர்கள் சொல்லிக்கொள்ளாமல், கண்மறைவாகப் போக வேண்டும். இருசம்மாள் கெட்டவள் இல்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததைத்தான் அவளும் சொன்னாள். பிச்சைமுத்துவும் அதை நம்பித் தொலைத்தார். தோளில் தூங்கிய குழந்தையை அப்படியே அவள் தோளுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு அன்றைக்கே மலையேறினார். வெள்ளிமலையில் சடையன் என்பவர் காட்டில் மரவள்ளி பிடுங்கும் வேலை. கீழே இருந்தால் கால் தானாகச் சின்னசேலத்துக்குப் போய்விடும் என்ற பயம்.

இரண்டு அமாவாசை தாண்டியது. அதற்கு மேல் முடியவில்லை. பார்த்துவிட்டு மட்டும் வந்துவிடுவோம் என்று பஸ் பிடித்து இறங்கினார். இருசம்மாள் வீட்டுக்கு எதிரே ஒரு வைக்கோல் போர். அதன் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

பிள்ளை வாசலில் உட்கார்ந்திருந்தது. அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்த பிள்ளை, தவழக்கூடச் செய்யாமல் வாயில் விரலைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அந்த நேரம் பார்த்து வைக்கோல் தூசி தொண்டையைப் பிடித்தது. ஒரே ஒரு இருமல்.

குழந்தை தலையைத் திருப்பியது. கையை ஊன்றி எழுந்தது. தள்ளாடி இரண்டு அடி வைத்தது. "ப்பா" என்றது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. "ப்பா... ப்பா..."

பிச்சைமுத்து துண்டைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டார். இன்னும் ஒரே ஒரு அமாவாசை. இப்போது முகத்தைக் காட்டினால் இரண்டு மாசம் அது அழுததெல்லாம் வீண், முதலிலிருந்து அழ வேண்டும் என்று நினைத்தார். குனிந்தபடியே பின்பக்கமாக நழுவினார். அழுகை தெருக்கோடி வரைக்கும் கேட்டது. பசி அழுகை, வலி அழுகை, தூக்க அழுகை என்று அந்தப் பிள்ளையின் எல்லா அழுகையும் அவருக்குத் தெரியும். இதை அவர் அதுவரை கேட்டதில்லை.

மூன்றாம் அமாவாசைக்கு மறுநாள் காலையிலேயே பொரியும் ரப்பர் வளையலும் வாங்கிக்கொண்டு போனார். தெருமுனையிலிருந்தே இருமிக்கொண்டு போனார். வாசலில் இருசம்மாள் இடுப்பில் இருந்த பிள்ளை திரும்பவில்லை. கிட்டே போய் இருமினார். அது இருசம்மாள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"பாத்தியா தம்பி, எங்கிட்ட ஒட்டிக்கிச்சி!" அவள் முகமெல்லாம் பூரிப்பு. "போன மாசம் ஒரு நாளு இன்னாத்தயோ தேடிக்கினு வாசல்லியே நின்னு கத்துச்சி. ரெண்டு நாளு சோறு எடுக்கல. அத்தோட சரி. உன்ன தேடவே இல்ல. கண்ணு, சித்தப்பா வந்துகிறாரு பாரு, கும்புடு சொல்லு."

பிச்சைமுத்து பொரியை வைத்துவிட்டு வந்துவிட்டார். அன்றைக்கு வைக்கோல் போரின் பின்னால் நின்றதை அவளிடம் சொல்லவில்லை. வேடியப்பனிடம் மட்டும் ஒரு முறை சொல்லி அழுதார். "மறக்கலங்க அது. கூப்ட்டு கூப்ட்டு பாத்துட்டு, இவன் வரமாட்டான்னு வுட்டுடுச்சி."

அம்சவள்ளிக்குக் குறை ஒன்றும் இல்லை. ராசு அவளைத் தரையில் விடாமல் வளர்த்தார். அவளும் அவரை அப்பா என்றாள். யாரிடமும் அடம் பிடிக்க மாட்டாள், எதையும் கேட்டு அழ மாட்டாள், ரொம்ப நல்ல பெண் என்று தெருவே மெச்சியது. அதைக் கேட்கும்போதெல்லாம் பிச்சைமுத்து எழுந்து போய்விடுவார். அவர் தோளில் இருந்த வரைக்கும் அவள் அடம் பிடித்தவள்.

இருபது வயதில் சின்னசேலத்தில் கல்யாணம். ராசுவும் இருசம்மாளும் தாரை வார்த்தார்கள். பிச்சைமுத்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். சாம்பிராணிப் புகை வந்தது. தொண்டை கமறியது. கை பழக்கத்தில் துண்டை வாய்க்குக் கொண்டுபோனது. பாதியில் நிறுத்தினார். துண்டை மடியில் வைத்துவிட்டு மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி இருமினார். எழுந்து நின்றும் இருமினார்.

மணவறையில் குனிந்திருந்த பெண் நிமிர்ந்தாள். கண் கூட்டத்துக்குள் எதையோ தேடியது. அவரிடம் வந்து ஒரு நிமிஷம் நின்றது. பிறகு ஐயர் எதையோ எடுத்துக் கொடுக்க, குனிந்துகொண்டாள்.

காலில் விழ வந்தபோது அவளே கேட்டாள். "இருமல் ஜாஸ்தியா கீதே சித்தப்பா. மருந்து சாப்புடக் கூடாதா? சோறு துன்னீங்களா?"

"ஆச்சும்மா" என்றார். சாப்பிடவில்லை. நேரே வெளியே வந்தார். மழை பெய்து ஓய்ந்த ரோட்டில் தூசியே இல்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இருமிக்கொண்டே போனார்.