இத்தோ டீச்சரும் ஒரு மன்னிப்பு வார்த்தையும்

எங்கள் செஃப்ரூ ஊர்ப் பள்ளியின் சரித்திர டீச்சர் இத்தோவைப் பற்றி யாராவது எழுதியே ஆக வேண்டும். வேறு யாரும் எழுதுகிற வழியைக் காணோம், அதனால் கணக்கு டீச்சர் நான் எழுதுகிறேன். பெருமையில்தான் எழுதுகிறேன், அதை மறைப்பானேன்?

இத்தோ மலை மேலே ஆடு மேய்க்கிற குடும்பத்துப் பெண். அடம்பிடித்து ஃபெஸ் பல்கலைக்கழகம் வரை போனவள். அங்கே ஒரு பேராசிரியர், "யூதர் ஒருவரையாவது நேரில் பார்த்தவர் யார்?" என்று கேட்டாராம். ஒரு கையும் எழவில்லை. "திட்டியவர் யார்?" என்றதும் வகுப்பே சிரித்ததாம். "நானும்தான்டி சிரிச்சேன். அந்தச் சிரிப்புதான் என்னை டீச்சராக்குச்சு" என்பாள்.

பாடப்புத்தகத்தில் ஒரு காலத்தில் முஸ்லிம்களான எங்களோடு வாழ்ந்த எங்கள் நாட்டு யூதர்களின் வரலாறு சேர்ந்தபோது, இங்கே பாதி வாத்தியார்கள் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போனார்கள். நேரமில்லையாம்! தைரியமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இத்தோ தாண்டவில்லை. அதோடு, அவள் பாடத்தைப் புத்தகத்தில் தொடங்கவும் இல்லை.

எங்கள் பக்கம் ஒரு மரியாதை உண்டு. பேச்சில் கழுதை, செருப்பு, கக்கூஸ் என்று வந்துவிட்டால் உடனே "ஹாஷாக்" சொல்ல வேண்டும். உங்கள் காதில் இதைப் போட்டதற்கு மன்னிக்கணும் என்று அர்த்தம். நல்ல பழக்கம்தான். ஆனால் யூதன் என்ற சொல்லுக்குப் பின்னாலும் பல வீடுகளில் அதே ஹாஷாக் வரும். அதுதான் வயிற்றெரிச்சல். எதற்கெல்லாம் ஹாஷாக் சொல்கிறோம் என்று இத்தோ பிள்ளைகளைக் கேட்டுப் பலகையில் எழுதுவாள். கடைசியில் யாராவது அந்தச் சொல்லையும் சொல்வார்கள். கழுதைக்குக் கீழே அதையும் எழுதிவிட்டுச் சும்மா நிற்பாள்.

பிள்ளைகள் இதை வீட்டுக்குக் கொண்டுபோனால் வீடு சும்மா இருக்குமா? ஷாமா என்கிற பெண் சாப்பாட்டு நேரத்தில், அப்பா பேச்சுவாக்கில் "யூதன், ஹாஷாக்" என்றதும் அவரிடமே கேட்டுவிட்டாள், "ஏம்ப்பா ஹாஷாக்? அவரு கழுதையா?" என்று. அப்பா புவாஸ்ஸா இரும்புக்கடைக்காரர், பெற்றோர் சங்கத் தலைவர் வேறு. மறுநாள் காலையில் தலைமையாசிரியர் அறைக்கே வந்துவிட்டார்.

"பாலஸ்தீனத்துல பொணம் விழுது, இங்க யூதன் பாடமா? நிறுத்தலைன்னா ஒரு பிள்ளையும் இந்தம்மா வகுப்புக்கு வராது!"

"அங்க விழற பொணத்துக்கு நானும்தான் அழறேன், அண்ணே," என்றாள் இத்தோ. "நம்ம ஊர்ல செருப்பு தைச்சுப் பொழச்ச யூதன் அதுக்கு என்ன பண்ணுவான்?"

"விடுங்களேன் டீச்சர், நாலு பக்கம்தானே," என்றார் தலைமையாசிரியர். அவருக்கு எப்போதும் முதுகெலும்பு விடுமுறையில்தான்.

"ஒரே ஒரு வகுப்பு வந்து உக்காருங்கண்ணே. அப்பவும் தப்புன்னு பட்டா நானே விட்டுடறேன்."

எனக்குப் பகீரென்றது. இத்தனை வருட உழைப்பை இந்த மனுஷனின் வாயிலா வைப்பாள்? அந்த வகுப்பின் பின்சுவரில் நானும் போய் ஒட்டிக்கொண்டேன்.

முதல் கேள்வியே விருந்தாளியாக வந்து உட்கார்ந்த புவாஸ்ஸாவுக்குத்தான். "எதுக்கெல்லாம் ஹாஷாக் சொல்லுவோம்? சொல்லுங்கண்ணே."

புவாஸ்ஸா உற்சாகமாகிவிட்டார். "கழுதை! நாய், செருப்பு, சாணி…" பிள்ளைகள் சிரித்தார்கள். இத்தோ எழுதிக்கொண்டே போனாள்.

"வேற?"

"அவ்ளோதான்."

ஷாமா எழுந்தாள். "இன்னொண்ணு இருக்குப்பா. நீங்க சொல்லுவீங்களே."

அவர் முகம் செக்கச்செவேலென்று ஆனது. பிள்ளைகள் எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"இல்லை," என்றார்.

"இருக்குப்பா. நேத்து சாப்பிடறப்பகூட…"

"இல்லைன்னா இல்லைடி!" மேசையில் ஓங்கி அடித்தார். "அவங்களும் மனுஷங்க! கழுதையோட சேத்து எழுதுவாங்களா யாராவது?"

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். கை மேசையிலேயே கிடந்தது.

"அப்ப வீட்லயும் இல்லையாப்பா?"

புவாஸ்ஸா மகள் பக்கம் திரும்பினார். "வீட்லயும் இல்லை," என்றார். இந்த முறை மெதுவாகத்தான் வந்தது.

இத்தோ சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறக்கச் சொன்னாள். பக்கத்துப் பையனின் புத்தகத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு, மணி அடிக்கிற வரை புவாஸ்ஸா எழுந்திருக்கவே இல்லை.