மாட்டு ஏப்பம் அளக்கும் மஹதி

மவுண்ட் ஆல்பர்ட் ஸ்டேஷனில் காலை ஏழே முக்காலுக்கு மஹதி மறுபடியும் தூணுக்குப் பின்னால் போய்விட்டாள். வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் முதல் பெட்டியில் ஏறினார். இவள் குனிந்தபடி கடைசிப் பெட்டிக்கு ஓடினாள். மூன்று மாதமாக இதே கூத்து.

"புருசன் அமெரிக்காவில, இஞ்ச கிழவனோட தொடுப்பு. எங்களைக் கண்டால் ஆளையாள் தெரியாத மாதிரி நடிப்பு" என்று இரத்தினசிங்கம் அண்ணை ஊரின் மறுகோடி ஒனிஹங்கா வரை பரப்பிவிட்டார். கேட்க எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. நானும் இரண்டு வீட்டில் சொன்னேன். ஆனால் உண்மைக் கதை அதைவிட ருசி. கேளுங்கள்.

மஹதியின் தொழில், பசு விடும் ஏப்பத்தை அளப்பது. சிரிக்காதீர்கள், அதற்கு டாக்டர் பட்டமே கொடுத்திருக்கிறார்கள். மாட்டு ஏப்பத்தால் பூமி சூடாகிறதாம். எந்தத் தீவனம் போட்டால் ஏப்பம் குறையும் என்று பார்க்கிறாள். திருநெல்வேலிக்காரி. கைப்பையில் சீப்பு இருக்காது, வைக்கோல் இருக்கும். எங்கே ஏப்பம் கேட்டாலும் கண் தானாகக் கைக்கடிகாரத்துக்குப் போகும். கோயில் அன்னதானத்தில் இரத்தினசிங்கம் அண்ணை சாப்பிட்டு நிறைவாக ஒன்று விட, "சார், நாலு வயிறு இருக்கிற மாடே இவ்வளவு விடாது" என்றாள். வதந்தி எங்கே பிறந்தது என்று இப்போது விளங்கியிருக்கும்.

கணவன் அரவிந்தும் நாலு வயது ஸ்ருதியும் விஸ்கான்சினில். அவன் விசாவில் ஒட்டிக்கொண்டு போனால் இவள் அங்கே வேலை பார்க்க முடியாது. அதனால் தன் பெயரிலேயே கிரீன் கார்டு கேட்டிருக்கிறாள். வழக்கமாக அதற்கு அங்குள்ள கம்பெனி ஒன்று கூப்பிட வேண்டும். 'என் வேலை உங்கள் நாட்டுக்கே நல்லது' என்று நிரூபித்தால் அந்த நிபந்தனையை விட்டுக்கொடுப்பார்களாம். அமெரிக்க மாடுகளும் ஏப்பம் விடத்தானே செய்கின்றன!

நிரூபிக்கக் கடிதங்கள் வேண்டும். அவளைத் தனிப்பட்ட முறையில் தெரியாத நிபுணர் எழுதினால் மதிப்பு அதிகம் என்றார் வக்கீல். அப்படிக் கிடைத்தவர்தான் தாடிக்காரர். அமெரிக்காவில் மாட்டுத் தீவனப் பேராசிரியராக இருந்தவர். 'இவரை நான் சந்தித்ததே இல்லை, கட்டுரைகளைப் படித்திருக்கிறேன்' என்று கையெழுத்திட்டு அனுப்பினார். பிறகு, போயும் போயும், மகள் வீட்டோடு இருக்க மவுண்ட் ஆல்பர்ட்டுக்கே குடிவந்தார். கடிதத்தோடு வந்த படத்தை வைத்து மஹதி ஆளைக் கண்டுகொண்டாள்.

"முடிவு வர்ற வரைக்கும் அவருக்கு என்னைத் தெரியவே கூடாது சார். நாளைக்கே விசா ஆபீஸ்காரங்க அவருக்கு போன் பண்ணிக் கேட்டாங்கன்னா?" என்றாள் என்னிடம்.

"எழுதினது எழுதினதுதானே, பிள்ளை. இனிச் சந்திச்சால் என்ன?" என்றேன்.

"என் பொண்ணு போனைத் தடவித்தான் எனக்கு முத்தம் கொடுக்குறா. ஒரு குட்மார்னிங் சொல்லி அதைக் கெடுத்துக்கவா?"

போன வியாழன் தூண் காப்பாற்றவில்லை. பேராசிரியர் நேரே அவளிடம் வந்து, ரயில் ஏன் தாமதம் என்று கேட்டார். தோளைக் குலுக்கினாள். பெயர் கேட்டார். அவள் வாயில் வந்தது, "குணவதி."

அதே மேடையில் என் பக்கத்தில் நின்ற இரத்தினசிங்கம் அண்ணை என் கையைக் கிள்ளினார். அது அவர் மனைவியின் பெயர்.

என்ன வேலை என்றார். "சமோசாக் கடை."

மனிதர் விடவில்லை. மாட்டு ஏப்பத்தில் மகா கெட்டிக்காரி ஒருத்தி இந்த ஊரில்தான் இருக்கிறாளாம், ஒருநாளாவது அவளுக்குக் கைகொடுக்க வேண்டுமாம். மஹதியின் வலது கை தானாக அரை அடி எழுந்தது. இடது கையால் அதைப் பிடித்துக் கோட்டுப் பைக்குள் திணித்தாள்.

ரயில் வந்தது. அவர் ஏறிப் போனார், இவள் ஏறவில்லை. அண்ணை பொங்கினார்.

"பிள்ளை, என்ர மனிசியின்ர பேரையெல்லோ தூக்கிக் குடுத்திட்டீர்! இனியாவது உண்மையைச் சொல்லும். அந்தாளுக்கும் உமக்கும் என்ன தொடர்பு?"

மஹதி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"ஒரு தொடர்பும் கிடையாது சார். அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரு."