ஏகாம்பரத்தின் லேப்டாப்பில் பூட் மெனு வராத நாள்

ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை போட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. 2000-களின் நடுப்பகுதி. ஊரில் லேப்டாப் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் பட்டுச்சேலை வியாபாரி ஏகாம்பரம். ஒரு நாள் காலை பத்து மணிக்கு லேப்டாப்பைக் கைக்குழந்தைபோல அணைத்துக்கொண்டு வந்தார்.

"ஜல்தியா பாரும்மா. மெட்ராஸ்லருந்து பொண்ணு வூட்டுக்காரங்க வந்துகினு இருக்காங்க. முகூர்த்தச் சேலை டிசைன் இதுலதான் கீது. பன்னெண்டு மணிக்குக் காட்டணும். வேற காப்பி கிடையாது."

ஆன் செய்தால் விண்டோஸ் பாதியிலேயே நின்றது. நான் அசரவில்லை. எதிலிருந்து கிளம்பட்டும் என்று கேட்கும் பூட் மெனுவைத் திறந்து, சிடி வழியாகக் கிளப்பி, டிசைனைப் பென் டிரைவில் எடுத்துவிட்டால் தீர்ந்தது.

"அரை மணி நேரம் சார்" என்றேன்.

மறுபடி ஆன் செய்து F12-ஐத் தட்டினேன். 'டீ டீ டீ' என்று கத்தியதே தவிர, மெனு வரவில்லை. Esc, F2, Delete எல்லாவற்றையும் தட்டினேன். பேட்டரியைக் கழற்றினேன். ரேம் கார்டைத் துடைத்து மாட்டினேன். அதே கத்தல்.

"தண்ணி ஏதாவது கொட்டுச்சா சார்?"

"ஒண்ணுமே பண்ணலைம்மா."

மணி பதினொன்று. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கலாம்; அதற்கான கன்வெர்ட்டர் என்னிடம் இல்லை. தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. குரலைத் தாழ்த்தி, "மதர்போர்டு போயிடுச்சு சார்" என்றேன்.

அவர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்து மனைவிக்கு போன் போட்டார். "வசந்தா, பேஜாராப் போச்சு. மதர்போர்டு செத்துப்போச்சாம்!"

பத்தே நிமிடத்தில் வசந்தா அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். சத்தத்தைக் கேட்டதும், "இதுவா? பூஜைக்கு மறுநாள்லேருந்து இப்படித்தான் கத்திகினு கீது" என்றார்.

"என்ன பூஜைங்க?"

"ஆயுத பூஜைதான். தறிக்கெல்லாம் சந்தனம் வெச்சோம். இதுவும் சோறு போடுற பொருளாச்சேன்னு இவரு ஒவ்வொரு பட்டனுக்கும் வெச்சாரு."

ஏகாம்பரத்தைப் பார்த்தேன். அவர் சுவரிலிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

"மறுநாளே ஈரத்துணியால தொடச்சிட்டேனே" என்றார் மெல்ல.

F12-ஐ நெம்பி எடுத்தேன். துடைத்த சந்தனம் முழுக்க உள்ளே இறங்கிச் சுண்ணாம்புபோல் காய்ந்திருந்தது. பக்கத்தில் இரண்டு கீகள் அழுந்தியபடியே ஒட்டிக்கிடந்தன. யாரோ விடாமல் அழுத்துகிறார்கள் என்று நினைத்துத்தான் அந்த லேப்டாப் கத்தியிருக்கிறது. அதன் கீபோர்டு வயரைப் பிடுங்கிவிட்டு, கடையிலிருந்த யூஎஸ்பி கீபோர்டைச் செருகி F12-ஐத் தட்டினேன். பூட் மெனு பளிச்சென்று வந்தது. வசந்தா அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பதினொன்றே முக்காலுக்குப் பென் டிரைவோடு என் கடைக் கம்ப்யூட்டரையும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். பெண் வீட்டாருக்கு டிசைன் பிடித்துப்போனது.

"அப்போ மதர்போர்டு?" என்று மாலையில் ஏகாம்பரம் கேட்டார்.

"பொழச்சிகிச்சு சார்" என்றேன். வேறென்ன சொல்ல?

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் என்ன நடந்தது என்று கேளுங்கள். "ஒண்ணுமே பண்ணலை" என்று பதில் வந்தால், அவர் வீட்டிலிருந்து இன்னொருவரை வரச்சொல்லிக் கேளுங்கள்.