உப்பு கோவிந்தா

அந்தப் பாட்டில் வருகிற சமையல்காரன் நான்தான். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரும். போனில் நீங்களும் பார்த்திருக்கலாம். கப்பலின் பின்தளத்தில் ஒரு கூட்டம் ஈரக் கயிற்றைப் பிடித்து நிற்கிறது. முன்னால் நிற்பவன் ‘சாம்பார்ல உப்பு’ என்று கத்துகிறான். மற்றவர்கள் ‘கோவிந்தா’ என்று கத்திக்கொண்டே பின்னால் சாய்ந்து இழுக்கிறார்கள். கயிற்றின் கடைசியில் வெள்ளை ஏப்ரனோடு, எல்லோரையும் விடப் பெரிதாக வாயைப் பிளந்து கோவிந்தா போடுகிற தடியன் யார் என்று யாரும் கேட்பதில்லை. அது நான். அந்தச் சாம்பாரை வைத்தவனும் நானே.

எனக்கு ஆந்திர எல்லையில் சத்தியவேட்டுப் பக்கம். எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த கடல் வேர்க்கடலை மட்டும்தான். கேட்டரிங் படித்துவிட்டு நான் சரக்குக் கப்பலில் சமையலுக்குப் போனபோது நைனா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கப்பலில் பாதிப் பேர் நம் நாட்டவர்கள், மீதிப் பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். தமிழ் தெரிந்தவர்கள் நானும், கயிறு வேலை பார்க்கும் மாலுமி ஒருவனும்தான். அவனுக்கு எங்கள் பழைய சித்தூர் மாவட்டத்திலேயே குப்பம் பக்கத்தில் குடுபல்லி. நம்ம பக்கத்து ஆள் என்று அவன் என்னை அண்ணா என்பான். நான் அவன் தட்டில் மட்டும் ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுவேன்.

அன்றைக்குத் துறைமுகத்தில் கப்பலைக் கட்டும் நேரத்தில் கயிற்றைச் சுருட்டும் வின்ச் படுத்துவிட்டது. கயிற்றின் ஒரு முனையைக் கரையில் மாட்டியாயிற்று, நடுவில் தொய்ந்த பகுதி தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. அது கப்பலின் விசிறியில் சுற்றிக்கொண்டால் தொலைந்தோம். சமையல்கட்டு வரைக்கும் ஆள் வந்து, கையில் கரண்டியோடு நின்ற என்னையும் கூட்டிப் போனார்கள். இழுத்தோம். ஒன் டூ த்ரீ சொல்லிப் பார்த்தார்கள். ஒருவன் டூவிலேயே இழுத்தான், இன்னொருவன் த்ரீ முடிந்து யோசித்துவிட்டு இழுத்தான். கயிறு எங்களைப் பார்த்துச் சிரித்தது.

அப்போதுதான் குடுபல்லிக்காரன் மலையேறுகிறவர்கள் போடும் குரலை எடுத்தான். முன்னால் போகிறவர் சாமியைக் கூப்பிடுவார், பின்னால் வருகிற கூட்டம் முழுவதும் ‘கோவிந்தா’ என்று சொல்லும். திருப்பதிப் பக்கம் பிறந்தவனுக்கு அந்தக் குரல் காதில் விழுந்தால் வாய் தன்னால் திறந்துகொள்ளும். நான் திறந்தேன். அடுத்த தடவை பிலிப்பைன்ஸ்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். ‘கோ’வில் மூச்சு வாங்கி, ‘விந்தா’வில் சாய்ந்தால் கயிறு தானாக வந்தது.

நாலைந்து தடவை சாமியைக் கூப்பிட்ட பிறகு அவனுக்குக் குறும்பு வந்துவிட்டது. ‘ஊருக்குப் போற தேதி’ என்றான். ‘கோவிந்தா’ என்றோம். கிடைக்காமல் போன எதையும் நம் ஆட்கள் அப்படித்தானே சொல்வார்கள். நானே சிரித்துவிட்டேன். சிரித்து முடிப்பதற்குள் ‘சாம்பார்ல உப்பு’ என்றான். என் வாய் அதற்குள் கோவிந்தா போட்டுவிட்டது. ‘ரசத்துல புளி’, ‘கோழியில காரம்’, ‘குக்கண்ணன் கைமணம்’ என்று அவன் அடுக்கிக்கொண்டே போக, எல்லாவற்றுக்கும் நான் கோவிந்தா போட்டேன். நிறுத்தினால் கயிறு போய்விடும். கயிற்றை விட முடியாமல், வாயையும் மூட முடியாமல், என் சமையலுக்கு நானே கோவிந்தா போட்டேன்.

இதைப் படம் பிடித்தவர் எங்கள் மூன்றாவது ஆபீசர். ரொம்பச் சின்ன வயது, போனே கதி என்று கிடப்பவர். அன்று சாயங்காலம் துள்ளிக்கொண்டு சமையல்கட்டுக்கு வந்தார். “குக், நீங்க போட்டது ஷாண்டி!” என்றார். பாய்மரக் கப்பல் காலத்தில் பாய் ஏற்றவும் நங்கூரம் தூக்கவும் இப்படித்தான் பாடுவார்களாம். ஒருவன் அடி எடுத்துக் கொடுப்பான், மற்றவர்கள் பதில் சொல்லும்போது இழுப்பார்கள். அடி எடுக்கத் தெரிந்தவன் ஒருவன் இருந்தால் பல ஆள் பலமாம். நீராவி வந்து, இயந்திரம் வந்து, அந்தப் பாட்டுகள் கப்பலை விட்டுப் போய்விட்டன. பிறகு கொரோனா அடைப்பில் வெள்ளைக்காரப் பையன்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து ஆளுக்கொரு குரலாகப் பாடி ஒட்டி, போனில் மறுபடி உயிர் கொடுத்தார்களாம். ஒரு கயிற்றைக்கூடத் தொட்டிராத கைகள் அதற்கு மேசையில் தாளம் போட்டதை அவர் எனக்குக் காட்டினார்.

“கேப்டனை நேரில் ஒரு வார்த்தை சொன்னா முதுகு உரிஞ்சிடும் அந்தக் காலத்துல. பாட்டுல எது வேணா சொல்லலாம். சமையல்காரனும் அதுல தப்பமாட்டான்” என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. அதைப் பிடுங்கி மட்டும் என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றியது. ஏனென்றால் பாட்டு பொய் சொல்லவில்லை.

அந்தக் கப்பலில் ஏறுவதற்குச் சில மாதங்களுக்கு முன் எனக்குக் கொரோனா வந்து போயிருந்தது. காய்ச்சல் போனது, இருமல் போனது, மூக்கும் நாக்கும் திரும்பி வரவே இல்லை. வெங்காயம் வதங்குவது கண்ணுக்குத் தெரியும், மணக்காது. காபியும் வெந்நீரும் எனக்கு ஒன்றுதான். சமையல்காரனுக்கு ருசி தெரியவில்லை என்றால் எந்தக் கேப்டன் வைத்துக்கொள்வார்? நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. கை அளவை நம்பிக் காலத்தை ஓட்டினேன். ஆனால் உப்பை நாங்கள் ஒரே தடவையில் போடுவதில்லை. பருப்பு வேகும்போது பாதி, இறக்கும் முன் ருசி பார்த்து மீதி. என் கை பாதியைப் போட்டுவிட்டு நாக்குக்காகக் காத்திருக்கும். நாக்கு ஒன்றும் சொல்லாது. சரியாக இருக்கிறது என்று இறக்கிவிடுவேன்.

சாப்பிட்டவர்கள் எல்லோரும் நல்லாருக்கு என்றுதான் சொன்னார்கள். குடுபல்லிக்காரனும் சொன்னான். ஊறுகாய் பாட்டில் மட்டும் சீக்கிரம் சீக்கிரம் காலியாயிற்று. பசங்களுக்கு நல்ல பசி என்று நினைத்துக்கொண்டேன். உண்மை எனக்குத் தெரியவருவதற்கு ஒரு வின்ச் உடைய வேண்டியிருந்தது.

மானம் கப்பலேறிவிட்டது என்பார்கள். என் மானம் கப்பலிலிருந்து இறங்கி எனக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒப்பந்தம் முடிந்து சென்னையில் இறங்கி சத்தியவேட்டு பஸ்ஸில் உட்கார்ந்தால், முன் சீட்டில் காலேஜ் பசங்கள் போனில் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “அரே, வெனக உன்னவாண்ணி சூடுரா!”, பின்னால் இருப்பவனைப் பாருடா என்று, படத்தில் கடைசியில் நிற்கும் என்னைக் காட்டிச் சிரித்தான் ஒருவன். தெலுங்கு தெரியாதவன் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முகம் தெரியாமல் இருக்க, கழுத்து வியர்க்க வியர்க்க மாஸ்க்கை எடுத்து மாட்டினேன்.

வீட்டுக்காரி அந்தப் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் ஏற்கெனவே முடிவெடுத்து வைத்திருந்தாள். இனிமேல் கப்பல் வேண்டாம், ஸ்ரீசிட்டி தொழிற்சாலை பஸ்கள் நிற்கிற ரோட்டில் ஒரு மெஸ் போடலாம், நான் சமைத்தால் கூட்டம் அள்ளும் என்றாள். சரி என்றேன். நாக்கைப் பற்றி அவளிடமும் சொல்லவில்லை. வீட்டில் நான் சமைத்ததை அவள் குறை சொல்லாமல்தான் சாப்பிட்டாள், கை அளவு சரியாகிவிட்டது என்று நம்பிக்கொண்டேன். பாத்திரங்களில் சின்னதை எல்லாம் அவள் உள்ளூர்க் கடையிலேயே வாங்கி வைத்திருந்தாள், பெரியது மட்டும் திருப்பதியில் வாங்குவதாக ஏற்பாடு.

பாத்திரம் வாங்கப் போன அன்றைக்கு, மலையடிவாரத்து அலிபிரி வரைக்கும் வந்துவிட்டு மலையேறாமல் போவதா என்றாள். படியில் எங்களுக்கு முன்னால் ஒரு பெரிய கூட்டம். ஒருவர் குரல் கொடுத்தார், படிக்கட்டு முழுவதும் ‘கோவிந்தா’ என்றது. எனக்கு வாய் திறக்கவில்லை. பிறந்ததிலிருந்து இப்படி ஆனதில்லை. அவர் மறுபடி கூப்பிட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். அடுத்து அவர் சாம்பார் என்று சொல்லிவிடுவாரோ என்று பைத்தியக்காரத்தனமாக ஒரு பயம். சாமியையும் கூப்பிட முடியாதவனாக என்னை ஆக்கிவிட்டானே என்று குடுபல்லிக்காரன் மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

“இன்னாங்க, வாயத் தொறக்காம வந்துக்கினு இருக்கீங்க?” என்றாள்.

“மூச்சு வாங்குது” என்றேன்.

மெஸ் திறக்க இருந்த வாரத்தில் குடுபல்லிக்காரனே போன் செய்தான். லீவில் வந்திருக்கிறானாம், என்னைப் பார்க்க வேண்டுமாம். வீட்டுக்கு வரச் சொன்னேன். மன்னிக்கிற எண்ணத்தில் அல்ல. அவன் வாயாலேயே என் சாம்பாரைப் புகழ வைக்க வேண்டும் என்று ஒரு வீம்பு. அன்றைக்குச் சமையல்கட்டுக்குள் வீட்டுக்காரியை விடவே இல்லை.

“ஒரு தபா பார்த்துட்டுப் போயிடறேன்” என்று வாசற்படியில் நின்றாள்.

“இத்தினி வருசமா சமைக்கிறேன், எனக்குத் தெரியாதா? நீ போய் உக்காரு” என்று விரட்டினேன்.

அவன் குப்பத்தில் ரயிலேறி, பஸ் மாறி வந்து சேர்ந்தான். வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு, “அது இப்டி ஊரு பூரா சுத்தும்னு தெரியாதுண்ணா” என்றான். “அதெல்லாம் இருக்கட்டும், மொதல்ல துன்னு” என்று இலை போட்டேன். சோறு, முருங்கைக்காய்ச் சாம்பார், பீன்ஸ் பொரியல், அப்பளம். ஓரத்தில் ஊறுகாய்.

“சூப்பரா இருக்குதுண்ணா” என்றான் முதல் வாயிலேயே.

சமையல்காரன் சாப்பிடுகிறவனின் வாயைப் பார்க்கமாட்டான், கையைப் பார்ப்பான். அவன் கை ஒவ்வொரு கவளத்துக்கும் ஊறுகாய்க்குப் போய் வந்தது. கப்பலில் காலியான பாட்டில்கள் எல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தன.

“தம்பி, அந்தப் பாட்டப் பாடு.”

“வேணாம்ணா. அதான் மன்னிச்சிக்கோன்னு...”

“பாடுடா. நேர்ல கேட்டா நல்லாருக்குதுன்ற. பாட்டுலதான் உன் வாய்ல நெசம் வருது.”

அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். என் முகத்தைப் பார்த்தான், இலையைப் பார்த்தான். பாடவில்லை. முனகினான்.

“சாம்பார்ல உப்பு...”

அதற்கு மேல் அவன் சொல்லக் கூடாது. மறுமொழி சொல்ல வேண்டியவன் கயிறு இழுக்கிறவன். அங்கே இருந்தது நான் ஒருவன்தான். உப்பு இருக்கிறதா, கோவிந்தாவா? தெரிந்தால்தானே சொல்வதற்கு. நான் கையிலிருந்த சாம்பார் வாளிக்குள் எட்டிப் பார்த்தேன்.

“கோவிந்தா” என்றது பின்னறையிலிருந்து ஒரு குரல்.

வீட்டுக்காரி உப்பு ஜாடியோடு வந்தாள். என் கையிலிருந்து வாளியை வாங்கிக் கீழே வைத்து, உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கினாள். ஒரு சொட்டைக் கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் போட்டாள்.

“எப்பத்துலர்ந்து தெரியும்?” என்றேன்.

“நீங்க வந்த மறுநாளே. தெனமும் நீங்க அந்தாண்ட போனதும் நான்தான் போட்டுக்கினு இருந்தேன். இன்னிக்குதான் உள்ளயே விடலியே.”

“ஏன் சொல்லல?”

“நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்துக்கினு இருந்தேன்.”

குடுபல்லிக்காரன் ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “கொரோனால நாக்கு போயிடுச்சு தம்பி” என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் எச்சில் கையோடு எழுந்துவிட்டான். “அது தெரியாம பாடிட்டேனேண்ணா” என்றான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அதுவும் அவமானமாகத்தான் இருந்தது. எரிச்சல் பட ஒரு ஆள் இருந்தான், இனி அவன் மேலும் எரிச்சல் பட முடியாது.

“மெஸ் வேணாம், உட்டுடலாம்” என்றேன்.

“பாத்திரம் எல்லாம் வந்துடுச்சு. நீங்க சமைங்க, உப்பு நான் பார்க்கறேன்” என்றாள். அவனை உட்கார வைத்து, பழைய சாம்பார் சோற்றை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஊற்றினாள். பிறகு எனக்கும் ஒரு இலை போட்டாள். மூவரும் சாப்பிட்டோம். அவன் கை ஊறுகாய்ப் பக்கம் போகவில்லை.

எனக்கு உப்பில்லாததும் இதுவும் ஒன்றாகத்தான் இருந்தது. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் பழக்கம். இரண்டாவது கவளத்தில் என் வாய் தானாக, “நல்லாருக்குது” என்றது. அதற்குப் பிறகு சாப்பிட்டு முடிக்கும் வரை இருவர் முகத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை.